நண்பகலில் கேட்ட விளக்கு

1

அழுகிய பூண்டின் வாடை. இன்று காலை ஆய்வுகூடத்தின் கதவைத் தள்ளியதும் அதுதான் முகத்தில் அடித்தது. இந்த இங்கிலாந்து ஊரில் பூண்டு தின்பவர்கள் குறைவு. எங்கள் அடுப்பில் ரசம் கொதித்தால் கீழ்வீட்டு அம்மாள் சன்னலை அடித்துச் சாத்துவாள். இது சமையலின் வாடை இல்லை. மேசையின் கோடியில் யாரோ ஒரு மண்ணிறப் போத்தலைத் திறந்து அவசரமாக மூடியிருந்தார்கள். என் கையில் அட்டைகள் நீந்தும் கண்ணாடித் தொட்டி. தண்ணீர் தளும்பி என் கால் சப்பாத்தில் விழுந்தது. நான் நகரவில்லை.

ஆடி மாதம். என் தங்கை ராசம்மாவின் திதி. ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். இங்கிலாந்து என் வாத்தியார் வேலையை வேலையாகக் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆய்வுகூடத்தில் முயல்களுக்குத் தீனி போடவும் அட்டைகளைப் பராமரிக்கவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. "அட்டையைத் தொடப் பயமா?" என்று கேட்டார்கள். சிரிப்பு வந்தது. முப்பது வருஷம் என் இரத்தத்தைக் குடித்த உறவு அது.

என் மேலதிகாரி ஒரு டாக்டர், நல்ல மனிதர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாய் தவறி அவரைத் "துரை" என்று கூப்பிட்டுவிட்டேன். அப்படியென்றால் என்ன என்றார். "ஆசிரியர்" என்றேன். அவர் மகிழ்ந்துபோனார். வெட்கத்தோடு தொட்டியைக் கழுவினேன்.

மகள் கலாவுக்கு என் வேலை பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் கேட்டால் அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று மட்டும் சொல்வாளாம். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற வயது. இன்று திதிக்குச் சோறு படைத்தபோது, "ராசம்மா அத்தை எதனால செத்தாங்க?" என்றாள், அதிசயமாகத் தமிழில். "காய்ச்சல்" என்றேன். "அங்க எல்லா அத்தையும் காய்ச்சல்லதான் சாவாங்க" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

காய்ச்சல் இல்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். தோட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வாசிப்பவர்கள் தாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டின் மூலையை ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

2

தென்மேற்கு மழை பிடித்துவிட்டால் மலையில் தேயிலையை விட அட்டை அதிகம். செடிக்குச் செடி இலை நுனியில் எழுந்து நின்று, காற்றைத் துழாவி, மனித வெப்பத்துக்காகத் தவம் இருக்கும். பெண்கள் காலையில் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகுமுன் காலுக்குச் சோப்பு பூசுவார்கள். சுண்ணாம்பு பூசுவார்கள். புகையிலையை ஊறவைத்த தண்ணீரைத் தேய்ப்பார்கள். புகையிலைத் தண்ணீர் பட்டால் அட்டை சுருண்டு விழும். ஆனால் ஒரு மழைக்கு மேல் எதுவும் நிற்காது. மாலையில் கொழுந்து நிறுக்க வரும்போது முழங்காலுக்குக் கீழே இரத்தம் கோடு கோடாக ஓடியிருக்கும். கையால் வழித்து விட்டுவிட்டுக் கூடையை இறக்குவார்கள்.

ராசம்மாவுக்கு இரத்தம் குறைவு. இமையைக் கீழே இழுத்தால் வெள்ளைத்தாள் போல இருக்கும். அவள் புருஷன் சண்முகத்துக்கு அது ஒரு தீராத கவலை. "இவ ஒடம்புல இருக்கிற கொஞ்சத்தையும் அட்டை குடிச்சிருது மச்சான்" என்பான். அவன் பெரிய பங்களாவின் மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்தான். முட்டைக்கோவாவுக்கும் உருளைக்கிழங்குக்கும் புழு விழுந்ததால் அந்த வருஷம் ஒரு புது மருந்து வந்தது. முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு அவன்தான் அடித்தான். அது பூண்டு போல நாறும். அடித்த நாட்களில் தலை வலிக்குது என்று படுப்பான்.

ஒருநாள் மருந்து தெறித்த அவன் காலில் ஓர் அட்டை ஏறியது. ஏறிய வேகத்தில் முறுக்கிக்கொண்டு விழுந்தது. சண்முகம் அதைக் குந்தி உட்கார்ந்து பார்த்திருக்கிறான். சாயங்காலம் மிச்ச மருந்தில் கொஞ்சம் ஒரு சீசாவில் வீட்டுக்கு வந்தது. பார்சோப்பைச் சீவி, தேங்காயெண்ணெய் கலந்து, பதமாகக் குழைத்து, மறுநாள் விடியலில் மனைவியின் காலைத் தன் மடியில் வைத்து அவனே பூசிவிட்டான்.

"பாருங்க மச்சான், தொட்டதும் பொலபொலன்னு விழுது!" அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மலையில் பெண்கள் விடவில்லை. "ஏண்டி ராசம்மா, ஒன் காலுக்கு மட்டும் என்னா மந்திரம்? அட்டையெல்லாம் எங்க செடி நிறைக்கே வருது."

"மத்தவ புருசனெல்லாம் கொலுசு வாங்கிக் குடுக்கிறான். எம் புருசன் அட்ட மருந்துதான் குடுத்தாரு. அதுக்கும் கண்ணு வைக்கிறீங்களே" என்றாள் ராசம்மா. சிரிப்பில் மலையே குலுங்கியதாகக் கங்காணி சொன்னார்.

மழை வலுத்தது. மருந்து கழுவிக்கொண்டு போனது. சண்முகம் இன்னும் கெட்டியாகக் குழைத்தான்.

3

கொஞ்ச நாளாகவே அவளுக்குக் கண் மங்கியது. வயிறு முறுக்கியது. இரத்தக்குறைவு என்றார்கள். முருங்கைக்கீரை கொடுத்தார்கள். அதைப் பறித்து வந்தவனும் சண்முகம்தான்.

அன்று பள்ளிக்கூடத்தில் மணல் தட்டில் எழுத்துப் போட வைத்துக்கொண்டிருந்தேன். "வாத்தியாரய்யா, ஒங்க தங்கச்சி மலையில விழுந்துட்டா" என்று ஆள் வந்தது. ஓடினேன். கம்பளியில் வைத்து நான்கு பேர் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். குளிர்மழையில் எல்லோரும் நடுங்க, அவளுக்கு மட்டும் வியர்த்து வழிந்தது. வாயோரம் எச்சில் நிற்காமல் நூலாக இறங்கியது. அவள் கெண்டைக்காலைப் பார்த்தேன். தோலுக்கு அடியில் சதை துடித்துத் துடித்து ஓடியது, உள்ளே நூறு அட்டைகள் நெளிவது போல. காலில் ஒரு கடிவாய் இல்லை. பளபளவென்று சுத்தமாக இருந்தது.

"பேய் அடிச்சிருச்சு" என்றாள் ஒருத்தி. "வலிப்பு" என்றார் மலையை மேற்பார்க்கும் கண்டாக்கு. தோட்டத்து மருந்துக்காரர் ஓடி வந்தார், நாடி பிடித்தார், தன் பெட்டியில் இருந்ததைக் கொடுத்தார். இந்த நோயை அவர் அதுவரை கண்டதே இல்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி கேட்டு ஆள் போனது.

லொறி வரும்வரை அவளை லயத்து அறையில், அவர்கள் காம்பராவில், கிடத்தினோம். கதவு விரியத் திறந்திருந்தது. மழை விட்டு, கூரைத் தகரத்தில் வெயில் அடித்து, வாசல் முழுக்க வெள்ளை வெளிச்சம். அவள் அந்த வெளிச்சத்தைப் பார்த்தபடி சொன்னாள்:

"ஏண்ணே, மத்தியானத்துல இப்பிடி இருட்டிக் கெடக்கு? வெளக்கக் கொண்டாங்களேன்."

சண்முகம் விளக்கை ஏற்றினான். நடுப்பகலில் சிம்னி விளக்கை அவள் முகத்தருகே பிடித்துக்கொண்டு, "இந்தா ராசு, இந்தா, தெரியுதா?" என்றான். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. அந்தச் சின்னப் புள்ளியில் சுடர் தெரிந்தது எனக்கு. அவளுக்குத் தெரியவில்லை. மூச்சு நெஞ்சுக்குள் நீராகக் கரகரத்தது. லொறியின் சத்தம் வளைவில் கேட்டபோது அவள் போய்விட்டாள்.

புதைக்கப் போகும் பாதை முழுக்கப் புல். மழை. தூக்குவதற்கு முன் சண்முகம் எல்லோரையும் நிறுத்தச் சொன்னான். உள்ளே போய்ச் சீசாவை எடுத்து வந்தான். கோடித்துணியை முழங்கால்வரை ஒதுக்கி, அவள் இரண்டு காலுக்கும் மருந்தைப் பூசினான். விரலிடுக்கு விடாமல் பூசினான்.

"போற வழியிலயாவது அட்ட கடிக்கக் கூடாது" என்றான்.

அழாதவர்களும் அப்போது அழுதார்கள். அவர்கள் மகள் செல்வி பக்கத்தில் நின்று, அப்பாவுக்குச் சீசாவின் மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

4

அடுத்த வருஷம் நான் கப்பல் ஏறினேன். பிரஜாவுரிமை எனக்குக் கிடைத்தது, சண்முகத்துக்குக் கிடைக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே நாள் ஒரே வரிசையில் நின்று விண்ணப்பித்தவர்கள். காரணம் கேட்க ஒரு கந்தோர் இருந்தது, அந்தக் கந்தோர் இன்னொரு கந்தோரைக் காட்டியது.

இங்கே ஆய்வுகூடத்தில் என் முதல் பாடம் அட்டையை அறுப்பது. முதுகுத் தசையை நாடாவாக உரித்து, கண்ணாடிக் குழாயில் உப்புநீரில் தொங்கவிடவேண்டும். தசையில் ஒரு நூல், நூலில் ஒரு மெல்லிய கோல். கோலின் நுனி, கரிப்புகை படிந்த காகித உருளையில் கோடு கிழிக்கும். தசை சுருங்கினால் கோடு ஏறும். அவ்வளவுதான் கருவி.

முதலில் தசையை ஒரு மருந்தில் ஊறவைப்போம். ஆப்பிரிக்காவில் ஓர் அவரை உண்டாம். குற்றம் சாட்டப்பட்டவர்களைத் தின்ன வைப்பார்களாம், பிழைத்தால் நிரபராதி. அந்த அவரையின் சாறு அது. அதில் ஊறிய அட்டைத் தசை, குளத்தில் கலந்த நரம்புச் சாரத்தின் ஒரு துளியைக்கூடக் கண்டுபிடிக்கும் என்பார் டாக்டர். ஏன் என்று கேட்டேன். அவர் சுண்ணாம்புக்கட்டியை எடுத்தார். நான் வாத்தியார் என்பது அவருக்கு நினைவிருந்தது.

நரம்பு தசையைத் தொடுவதே இல்லை. இடையில் மயிரை விட மெல்லிய ஓர் இடைவெளி. நரம்பின் நுனி அந்த இடைவெளியில் ஒரு சாரத்தைச் சிந்துகிறது. தசையின் உயிரணு, அந்தச் சாரத்தை ஏற்பதற்கென்றே தன் மேனியில் ஓர் இடத்தை வைத்திருக்கிறது. அந்த இடத்தை இதுவரை கண்ணால் கண்டவர் இல்லை, ஆனால் இருந்தாக வேண்டும் என்றார். சாரம் அங்கே பொருந்தினால் உயிரணுவின் வாசல் திறந்து உப்பு உள்ளே பாய்கிறது. தசை சுருங்குகிறது. எச்சில் சுரப்பிக்கும் அதே சாரம்தான், வியர்வைக்கும் அதுதான், கண்மணியைச் சுருக்கும் தசைக்கும் அதுதான். சொல் ஒன்று, கேட்கிற உயிரணுவைப் பொறுத்து வேலை வேறு. புகையிலையின் சத்துக்கூட அந்த இடத்தில் போய் உட்காரும், வேஷம் போட்ட விருந்தாளி மாதிரி. அதனால்தான் அட்டை சுருள்கிறது. மலையில் நாங்கள் தலைமுறை தலைமுறையாகத் தேய்த்த புகையிலைத் தண்ணீரின் பொருள் கடல் கடந்து வந்து எனக்கு விளங்கியது. வியந்துகொண்டிருந்தேன், முட்டாள். அடுத்தது வரப்போவது தெரியாமல்.

"சொன்ன சொல் ஒரு நேரத்தில் நிற்கவும் வேண்டும் அல்லவா?" என்றார் டாக்டர். சாரம் சிந்திய மறுகணமே அதை உடைத்துத் துடைக்க ஒரு பொருள் அங்கேயே காத்திருக்கிறது. அவரையின் சாறு அந்தத் துடைப்பவனின் கையைக் கட்டிவிடுகிறது. செய்தி அழியாமல் நிற்கிறது.

விடியலில் பெரட்டுக்குத் தப்படிப்பார்களே, நினைவிருக்கிறதா? ஓசை கேட்டதும் லயமே எழுந்து ஓடும். ஓசை நின்றபின்தான் மலை ஏறுவது, பறிப்பது, இளைப்பாறுவது எல்லாம். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால்? எழுந்தவர் எழுந்தபடி, ஓடியவர் ஓடியபடி, விழுகிறவரை.

நான் அதை ஒரு வேடிக்கையாக நினைத்துக்கொண்டிருந்த நாட்களில்தான் அந்த மண்ணிறப் போத்தல் முதல் தடவை வந்தது. பூச்சிகொல்லி, அவரையை விடப் பொல்லாதது என்றார். கட்டிய கையை அவிழ்ப்பதே இல்லையாம். தோல் வழியாகவே இறங்குமாம். முயலின் கண்ணில் மிக நீர்த்த ஒரு சொட்டு விட்டார்கள். முயலைப் பிடித்திருந்தவன் நான். விளக்கடியில் கண்மணி சுருங்கிச் சுருங்கி ஊசிமுனையானது.

"வெளிச்சத்தில் இருந்தாலும் இதற்கு இப்போது மங்கலாகத்தான் தெரியும்" என்றார் டாக்டர்.

மறுமருந்து ஒன்று உண்டு என்றும் சொன்னார். சாரம் உட்காரும் இடத்தில் முந்திக்கொண்டு தான் உட்கார்ந்துவிடுமாம். வேளையோடு ஊசி போட்டால் பிழைக்கலாம். எங்களுக்கு அதன் பெயரே தெரியாது. நான் முயலைக் கூண்டில் விட்டுவிட்டு, கழிவறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சண்முகத்துக்குச் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். போனவள் போய்விட்டாள். இருப்பவனை எதற்குக் கொல்ல வேண்டும்?

5

சென்ற வருஷம் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். என் கையில் இப்போது வெள்ளைக்காரன் கொடுத்த கடவுச்சீட்டு. கொழும்பில் அதிகாரி அதைப் புரட்டினார், பிறந்த இடம் ஹட்டன் என்றிருந்த வரியில் விரலை வைத்தார், என் முகத்தைப் பார்த்தார். "கவத்த ஆப்பஹு யன்னே?" என்று சிங்களத்தில் கேட்டார். திரும்ப எப்போது போகிறாய்? வந்து காலை ஊன்றவில்லை, அதற்குள்.

சாயங்காலம் லயத்தை அடைந்தேன். வாசலிலேயே செல்வி. பதினாறு வயது, பேர் பதிந்து கொழுந்துக்குப் போகிறாள்.

"மாமா, இன்னும் கறுத்துட்டீங்க! வெள்ளக்காரன் ஊருக்குப் போயி யாராச்சும் கறுப்பாங்களா?"

அம்மாவின் வாய். நான் சிரித்துக்கொண்டே குனிந்து உள்ளே நுழைந்தேன். நுழைந்ததும் அந்த வாடை.

அவள் கால்கள் பளபளவென்று சுத்தமாக இருந்தன.

"கண்ணு எப்பிடி இருக்கு தாயி?"

"அதையேன் கேக்குறீங்க, ரெண்டு நாளா மசமசங்குது. அப்பா கீரை பறிச்சாந்து குடுத்திருக்காரு."

அவள் முகத்தை வாசல் பக்கம் திருப்பினேன். அந்தி மங்கல். எங்கள் எல்லோருடைய கண்மணியும் விரிந்திருக்க வேண்டிய நேரம். அவளுடையது கடுகு.

"தண்ணி வேணும். பீலியில போயி கொண்டா. அப்பிடியே காலுல சோப்பப் போட்டு நல்லாக் கழுவிட்டு வா" என்றேன்.

"வந்த ஒடனே வாத்தியார் வேலையா?" என்று குடத்தோடு போனாள்.

சண்முகம் எனக்காகத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தான். தலை நரைத்துவிட்டது. இரண்டாம் கல்யாணம் செய்யவில்லை. நான் மூலையில் இருந்த சீசாவைக் காட்டினேன்.

"மாப்ள, அந்த மருந்து வேணாம். கொட்டிடுங்க."

"ஏன் மச்சான்? அவ அம்மாவுக்குப் போட்டதுதான். நல்ல மருந்து. பக்கத்துக் காம்பராக்காரங்களுக்கும் குடுத்திருக்கேன். அதுக மழையில ரத்தம் வடிய வடிய நிக்குதுக, பாவம்."

"அங்க, எங்க ஊர்ல ஒருத்தருக்குக் காலுல இது பட்டு, செத்துப் போயிட்டாங்க."

பொய்தான். அதை வழியெல்லாம் யோசித்து வைத்திருக்கவில்லை, அந்த நிமிஷம் வாயில் வந்தது. அவன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"ஆம்பளயா?"

"பொம்பள."

"எப்பிடி?"

"வேர்த்து ஊத்துனுச்சாம். வாயில எச்சி. சதையெல்லாம் துடிச்சு..."

நிறுத்திக்கொண்டேன். மிஞ்சிப் பேசிவிட்டேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே பீலியில் தண்ணீர் விழும் ஓசையும், செல்வி யாரையோ கேலி செய்யும் குரலும்.

"மச்சான்."

"சொல்லுங்க."

"பகல்ல வெளக்குக் கேட்டுச்சா, அந்தப் பொம்பள?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். சொன்னால் அவன் மறுபடி குழைப்பான். மழை நாள் பார்த்து, கெட்டியாக, அன்போடு. செல்வி குடத்தை இடுப்பில் வைத்துப் படியேறும் சத்தம் நெருங்கியது.

"கேட்டுச்சு மாப்ள."

அவன் அழவில்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தான்.

"பொணத்துக்கும் நாந்தானே பூசிவிட்டேன்" என்றான், யாருக்கோ சொல்வது போல.

பிறகு எழுந்து சீசாவை எடுத்தான். பீலிப்பக்கம் போகாமல், பீர்க்கங்கொடிப் பக்கம் போகாமல், வெகுதூரம் தள்ளிக் குழி வெட்டினான். வெட்டிக்கொண்டே இருந்தான். ஒரு சீசாவுக்கு அவ்வளவு ஆழம் வேண்டாம்.

"ஏம்ப்பா மருந்தப் பொதைக்கிறீங்க?"

"கெட்டுப் போச்சு தாயி."

மறுநாள் பெரட்டுக்கு முன்னால் தான் கொடுத்த ஒவ்வொரு காம்பராவுக்கும் போனான். மருந்து கெட்டுப்போச்சு, திருப்பிக் கொடுங்க என்றான். சிலர் கொடுத்தார்கள். சிலர், தீர்ந்துபோச்சு என்று முந்தானையால் மறைத்தார்கள். "பொண்டாட்டிக்கு ஒரு காலத்துல போட்டியே, அப்பக் கெடலியா?" என்றாள் ஒரு கிழவி. அதற்கு அவன் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. அந்த மறைத்த சீசாக்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பூண்டு நாறும் எந்தத் தண்ணீரும் காலுக்கு வேண்டாம். கண் மங்கினால் கீரை போதாது, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், என்ன பட்டது என்று சொல்லுங்கள்.

6

நான் இருந்த நாட்களில் செல்வியின் கண்மணி கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. ஒவ்வொரு அந்தியிலும் ஏதாவது சாக்குச் சொல்லி அவள் முகத்தை வாசலுக்குத் திருப்புவேன். சண்முகமும் பின்னால் நின்று பார்ப்பான். என்னிடம் அதன்பின் அவன் அதிகம் பேசவில்லை. கோபமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவளிடம் அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இதை அவள் என்றாவது வாசிப்பாளோ என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன். சீசாவின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை அது.

புறப்பட்ட அன்று ஹட்டன் ஸ்டேஷனுக்கு இருவரும் வந்தார்கள். மலைக்குப் போய்விட்டு அரைநாளில் ஓடி வந்திருந்தாள் செல்வி. மழை தூறிக்கொண்டிருந்தது. மணி அடித்தாகிவிட்டது. நான் சன்னலோரம் உட்கார்ந்தேன். அவள் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினாள். கெண்டைக்காலில் இரண்டு கோடாக இரத்தம் இறங்கி மேடைச் சீமெந்தில் சொட்டியது.

"பாத்தீங்களா மாமா? நீங்க வந்து மருந்தக் கெடுத்துட்டீங்க. இப்ப மலையில இருக்கிற அட்டையெல்லாம் எங்கிட்டதான் வருது."

சண்முகம் குனிந்து அந்தக் காலைப் பார்த்தான். துடைக்கக் கை நீட்டினான். பாதியில் கையை இழுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டான். ரயில் அசைந்தது.

"கடிக்கட்டும் தாயி" என்றான். "கடிச்சிட்டுப் போகட்டும்."